300 மோட்டார்கள்: எங்கே தொடங்குவது?

கேள்வி, 5 ஜனவரி 2025

அண்ணா, சிங்கப்பூரின் துவாஸில் ஓர் உணவுப்பொருள் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சிறியதும் பெரியதுமாக ஏறத்தாழ 300 மோட்டார்கள் இருக்கின்றன. போன ஆண்டு மட்டும் 11 எரிந்துபோயின. இந்த ஆண்டு முடிவதற்குள் மோட்டார் மேலாண்மைத் திட்டம் ஒன்றை அமைத்துக் காட்ட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மூன்று நிறுவனங்கள் மென்பொருளோடு வந்து விளக்கிவிட்டுப் போயின. எதை வாங்கலாம்?

5 ஜனவரி 2025, இரவு

எதையும் வாங்காதீர்கள் தம்பி. ஒரு நோட்டு, ஒரு டார்ச், தின்னர் நனைத்த ஒரு துணி. இப்போதைக்கு இவை போதும்.

எந்த மென்பொருளானாலும் உள்ளே போடுவதற்குத் தகவல் வேண்டும். அந்தத் தகவல் உங்கள் மோட்டார்களின் உடம்பில் ஒட்டியிருக்கிறது. மாதக் கடைசியில் சீனப் புத்தாண்டு வருகிறது. ஆலை சில நாள் ஓய்ந்திருக்கும். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்தத் தீவின் மேற்குக் கோடியில் மோட்டார்களோடு வாழ்கிறேன். பெயர்ப்பலகையின் மேலேயே நான்கு தடவை பெயின்ட் அடித்த மோட்டார்களைப் பார்த்திருக்கிறேன். கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். பெயின்டோடு எழுத்தும் போய்விடும். மோட்டாரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, அது ஆறிய பிறகு தின்னர் துணியைப் பலகைமேல் ஐந்து நிமிடம் போர்த்தி வையுங்கள். பெயின்ட் தோலாக உரியும். பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பதித்த எண்களின் நிழல் எழும்பும். அப்போது படம் எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் படத்தில் வெள்ளைத் திட்டு மட்டுமே விழும்.

6 ஜனவரி 2025

நேற்று எழுத மறந்தது. கிலோவாட்டும் வோல்ட்டும் ஆம்பியரும் எல்லோரும் குறிப்பார்கள். சுழற்சி வேகம், ஃபிரேம் எண் (மோட்டாரின் உடல் அளவு), சுழலும் தண்டான ஷாஃப்ட்டை இரு பக்கமும் தாங்கும் பேரிங்குகளின் எண்கள், இன்சுலேஷன் வகுப்பு (உள்ளே உள்ள காப்பு எவ்வளவு சூடு தாங்கும் என்பது), இவற்றையும் எழுதுங்கள். காலில் நிற்கிறதா, ஃபிளாஞ்சில் தொங்குகிறதா? டெர்மினல் பெட்டி எந்தப் பக்கம்? எந்தத் திசையில் சுற்றுகிறது? ஒரே கிலோவாட் என்று நம்பி ஸ்டோரிலிருந்து தூக்கிவந்து, போல்ட் துளை சேராமல் நடு இரவில் நிற்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

11 ஜனவரி 2025

“திட்டம் என்று எதைச் சொல்கிறீர்கள், கணக்கெடுப்பையா?” என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டு. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை. இரவு இரண்டு மணிக்குக் குளிர்விப்பு நீர்ப் பம்பின் 30 கிலோவாட் மோட்டார் எரிந்தது. வார்னிஷ் கருகிய நாற்றம் படிக்கட்டுவரை வந்துவிட்டது. ஸ்டோரில் அதே அளவில் மாற்று மோட்டார் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து இறக்கி, ஐந்து மணிக்கெல்லாம் ஓட்டிவிட்டோம். அன்று காலை எங்களுக்குப் பாராட்டும் பரோட்டாவும் கிடைத்தன.

மூன்றாம் நாள் அது முனகத் தொடங்கியது. பத்தொன்பதாம் நாள் பேரிங் இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தேன். வெளிவளையத்தின் அடிப்பகுதியில், பிசைந்த மாவில் விரல்நுனி பதித்ததுபோல, குண்டுகளுக்கு இடையிலுள்ள அதே இடைவெளியில் வரிசையாகக் குழிகள். அந்த மோட்டார் ஏழு ஆண்டுகள் ஸ்டோரில் காற்றுக் கம்ப்ரஸருக்குப் பக்கத்துச் சுவரோரம், வெறும் கான்கிரீட் தரையில் நின்றிருந்தது. தரை அதிர்ந்துகொண்டே இருந்தது, ஷாஃப்ட்டோ அசையவில்லை. குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் இருந்த கிரீஸ் பிதுங்கி விலக, உலோகமும் உலோகமும் உரசித் தேய்ந்துவிட்டன. புது மோட்டார், ஒரு மணி நேரம்கூட ஓடாமலே பாழாகியிருந்தது. மாதம் ஒருமுறை ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிவிட ஒருவரும் இல்லை, சுற்ற வேண்டும் என்று எழுதிவைத்த காகிதமும் இல்லை.

எரிந்த பழைய மோட்டாரையாவது பார்ப்போம் என்றால், அதை அவசரக் கூலி கொடுத்துக் காயில் கட்ட, அதாவது எரிந்த கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற, அனுப்பியிருந்தார்கள். புதியது வாங்கும் அதிகாரம் அந்த இரவில் யாருக்கும் இல்லை. திரும்பி வந்ததைச் சுமையில்லாமல் ஓட்டிப் பார்த்தேன்: 24 ஆம்பியர். எரிவதற்கு முன் எத்தனை என்று எங்கும் குறிப்பு இல்லை. பக்கத்தில் நின்ற அதன் இரட்டைப் பிறவி 18 ஆம்பியர்தான் இழுத்தது.

இந்த மோட்டார் போனால் மாற்றுவதா, காயில் கட்டுவதா? மாற்று எங்கே இருக்கிறது? யார் கையெழுத்துப் போட வேண்டும்? இதையெல்லாம் மோட்டார் நன்றாக ஓடும்போதே, பகல் வெளிச்சத்தில், தேநீர் குடித்துக்கொண்டே முடிவுசெய்து அதன் உடம்பிலேயே அட்டையாகக் கட்டிவிடுவதைத்தான் நான் திட்டம் என்கிறேன். கணக்கெடுப்பு அதற்கான முதல் படி.

12 ஜனவரி 2025

“300 மோட்டாருக்கும் அட்டையா?” வேண்டாம். மூன்று கூடையாகப் பிரியுங்கள்.

நின்றால் ஆலையே நிற்கும் மோட்டார்கள் ஒரு கூடை. உங்கள் ஆலையில் 30, 40 இருக்கலாம். முதல் ஆறு மாதம் இவற்றோடு மட்டும் வாழுங்கள். நின்றால் சில மணி நேரம் சமாளிக்கலாம் என்பவை இரண்டாம் கூடை. மிச்சமுள்ள சின்ன மோட்டார்களுக்கு ஒரே விதி: எரிந்தால் காயில் கட்டாதே, புதிதாக வாங்கு. 2018 அக்டோபரிலிருந்து சிங்கப்பூரில் விற்கும் வழக்கமான மூன்று ஃபேஸ் மோட்டார்கள் குறைந்தது ஐஇ3 திறன் தரத்தில் (எண் கூடினால் திறனும் கூடும்) இருக்க வேண்டும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் விதித்திருக்கிறது. ஆகவே புதிதாக எதை வாங்கினாலும், அதற்கு முன் வாங்கிய பழையதைவிடப் பெரும்பாலும் திறன் கூடியதாகத்தான் இருக்கும்.

2 பிப்ரவரி 2025

தம்பி 212 மோட்டார்களின் படங்களை அனுப்பியிருக்கிறார். விடுமுறையில் அவரோடு வந்து வேலை செய்த நால்வருக்கும் என் வணக்கம். 37 மோட்டார்களில் பெயர்ப்பலகையே இல்லையாம். அவற்றுக்கு ஷாஃப்ட் விட்டம், மோட்டார்க் காலின் அடியிலிருந்து ஷாஃப்ட் மையத்தின் உயரம், கால் துளைகளின் இடைவெளி ஆகியவற்றை அளந்தால் ஃபிரேமைக் கண்டுபிடித்துவிடலாம். உயரம் 200 மில்லிமீட்டர் என்றால் ஃபிரேம் 200.

15 பிப்ரவரி 2025

மேலாளரை இசைய வைக்க ஒரு கணக்கு கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள்.

30 கிலோவாட், 4 துருவ மோட்டார். நம் 50 ஹெர்ட்ஸில் அதன் ஒத்தியங்கு வேகம், அதாவது உள்ளே காந்தப்புலம் சுற்றும் வேகம், நிமிடத்துக்கு 1500 சுற்று. ஷாஃப்ட் அதற்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். பழைய ஐஇ1 மோட்டாரின் திறன் 90.7 விழுக்காடு, ஐஇ3 என்றால் 93.6. முக்கால் சுமையில், அதாவது 22.5 கிலோவாட் வெளியீட்டில், பழையது 24.8 கிலோவாட் இழுக்கும், புதியது 24.0. ஆண்டுக்கு 8000 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 6,150 அலகு (கிலோவாட் மணி) மிச்சம். அலகுக்கு 25 காசு என்று வைத்தால் 1,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல். ஒரே ஒரு மோட்டாரில்!

உங்கள் ஆலை ஆண்டுக்கு 54 டெராஜூலுக்கு மேல் எரிசக்தி பயன்படுத்துகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். மின்சாரமாக மட்டும் கணக்கிட்டால் அது ஒன்றரைக் கோடி அலகு. அந்த எல்லையைத் தாண்டினால் எரிசக்தி மேலாளரை நியமிப்பதும் ஆண்டுதோறும் அறிக்கையும் மேம்பாட்டுத் திட்டமும் கொடுப்பதும் சட்டப்படி கட்டாயம். அப்படியிருந்தால், அந்த அறிக்கை எழுதுபவர் உங்கள் மோட்டார்ப் பட்டியலைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

1 மார்ச் 2025

போன மாதம் 15ஆம் தேதி எழுதிய கணக்கைத் திருத்துகிறேன். அதை யாராவது மேலாளரிடம் கொடுத்திருந்தால் தயவுசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

திறன் எண்களில் தவறில்லை. ஆனால் திறன் கூடிய மோட்டார் பொதுவாகக் கொஞ்சம் வேகமாகவும் சுற்றும் என்பதை விட்டுவிட்டேன். எங்கள் ஆலையில் மூன்றாம் பம்பின் மோட்டாரை மாற்றிய பிறகு சுழற்சி வேகம் காட்டும் டக்கோமீட்டரை எடுத்துப் போய் நானே அளந்தேன். பழையது 1473, புதியது 1483. பத்துச் சுற்றுதானே என்று தோன்றும். மையவிலக்குப் பம்பிலும் மின்விசிறியிலும் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும். 1483ஐ 1473ஆல் வகுத்து, வரும் எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்குங்கள்: 1.02. அதாவது பம்பு 2 விழுக்காடு கூடுதலாகக் கேட்கிறது. அதைச் சேர்த்தால் புதிய மோட்டார் 24.5 கிலோவாட் இழுக்கிறது. மிச்சம் 6,150 அலகிலிருந்து 2,200க்கு இறங்குகிறது. 1,500 வெள்ளி 550 வெள்ளியாகிவிட்டது.

கூடுதல் நீர் நமக்குத் தேவையென்றால் நட்டமில்லை. தேவையில்லையென்றால், மோட்டாரை மாற்றும்போதே பம்புக்குள் நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைச் சற்றுக் கடைந்து குறைக்க வேண்டும், பெல்ட் என்றால் புல்லியை மாற்ற வேண்டும். மோட்டாரை மட்டும் பார்த்து அது ஓட்டும் பம்பைப் பார்க்காமல் கணக்குப் போட்டது என் பிழை. இத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு இதை விட்டது உறுத்துகிறது.

2 மார்ச் 2025

வேகம் அளக்கிறீர்கள் என்றால் சுமையையும் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பழைய மோட்டாரின் பெயர்ப்பலகையில் முழுச் சுமை வேகம் 1465, அளந்தது 1473. 1500லிருந்து 1473 போனால் 27. 1500லிருந்து 1465 போனால் 35. 27ஐ 35ஆல் வகுத்தால் 0.77. ஏறத்தாழ முக்கால் சுமை. பெயர்ப்பலகை வேகமே கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்பதால் இதைக் குத்துமதிப்பாக மட்டும் வையுங்கள். பாதிச் சுமைக்கும் கீழே தூங்கும் மோட்டார்களை அடையாளம் காண இது போதும்.

23 மார்ச் 2025

பேரிங்குக்குக் கிரீஸ் எவ்வளவு அடிப்பது என்று இங்கே சண்டையே நடந்திருக்கிறது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு பெரியவர் இருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். இங்கே வந்து முப்பது ஆண்டுகளாகிவிட்டன. ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் வீட்டில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடுவார். “இது மணல் அரைக்கிறது, இன்னும் இரண்டு மாதம்” என்பார். அதிர்வு மீட்டரும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். அந்த மனிதர் வைத்த கிரீஸ் அளவைத்தான் நான் எதிர்த்தேன். பழையது வெளியே பிதுங்கும்வரை அடிப்பது அவருடைய பழக்கம்.

ஒரு நாள் வீட்டிலிருந்து சமையலறைத் தராசைக் கொண்டுபோனேன். கிரீஸ் கன்னைப் பத்துத் தடவை அழுத்தி, ஒரு தாளில் வாங்கி எடை போட்டோம்: 13 கிராம். ஓர் அழுத்தத்துக்கு 1.3. எங்கள் 30 கிலோவாட் மோட்டாரில் இருப்பது 6312 பேரிங், வெளிவிட்டம் 130, அகலம் 31 மில்லிமீட்டர். இரண்டையும் பெருக்கி 0.005ஆல் பெருக்கினால் 20 கிராம். பதினைந்து அழுத்தம் போதும். அவர் முப்பதுக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார். மிகுதியான கிரீஸை குண்டுகள் கடைந்துகொண்டே இருக்கும், அந்தக் கடைசலில் பேரிங் சூடேறும், சூட்டில் எண்ணெய் பிரிந்து ஓடும், சில சமயம் காயில் மேலேயே போய்ப் படியும்.

அவர் தராசை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு தானே மார்க்கர் எடுத்து மோட்டார்மேல் “15” என்று எழுதினார். இன்றும் அந்த எழுத்து இருக்கிறது.

அட்டையில் கிரீஸின் வகையையும் எழுதுங்கள். லித்தியம் கிரீஸ் இருக்கும் பேரிங்கில் பாலியூரியா கிரீஸை அடித்தால் பல நேரங்களில் இரண்டும் சேராமல் நீர்த்துப்போகும். வெளியேற்றும் துளையின் மூடியைக் கழற்றிவிட்டு அடியுங்கள்.

24 மார்ச் 2025

அட்டையை எந்த மொழியில் எழுதுவது என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஆலையில் ஆங்கிலம், தமிழ், வங்காளம், சீனம். கிரீஸ் கன்னைப் பிடிக்கும் கைக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். தமிழில் எழுதிய முதல் அட்டையைப் பார்த்து ஒரு தம்பி அதை ஊருக்குப் படம் எடுத்து அனுப்பினான். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

20 ஏப்ரல் 2025

காயில் கட்டுவது பற்றி. முதல் கூடையில் பெரிய மோட்டார்களும் விசேஷ வடிவங்களும் இருக்கும், அவற்றைத் தூக்கி எறிய முடியாது. நன்றாகச் செய்தால் காயில் கட்டிய மோட்டாரும் திறனை இழக்காது. கெட்டுப்போவது பழைய கம்பியை எடுக்கும் இடத்தில்தான். கேஸ் டார்ச்சால் கொளுத்தி உருவினால் இரும்புத் தகடுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய காப்பு கருகி, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த மோட்டார் ஆயுள் முழுக்கச் சூடாகவே ஓடும். ஜூரோங் மோட்டாரில் அன்று வந்த 24 ஆம்பியருக்கு அதுதான் காரணம் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். சுற்றுகளைக் குறைத்துக் கட்டினாலும் சுமையில்லா மின்னோட்டம் அப்படி ஏறும். இரண்டில் எது என்று சொல்ல ஒரு சோதனைத் தாள்கூட எங்களிடம் இல்லை.

இப்போது நாங்கள் பட்டறைக்கு ஒரு பக்கத்தில் நிபந்தனை கொடுக்கிறோம். வெப்பம் கட்டுப்படுத்தும் அடுப்பில் மட்டும் எரிக்க வேண்டும், இரும்பு 370 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. எரிப்பதற்கு முன்னும் பின்னும் இரும்பு இழப்புச் சோதனை, அதாவது இரும்பில் எவ்வளவு மின்சாரம் சூடாக வீணாகிறது என்று பார்ப்பது. பழைய கம்பியின் தடிமனும் சுற்றுகளின் எண்ணிக்கையும் எழுத்தில் வேண்டும். நீங்களே ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். அடுப்பின் வெப்பப் பதிவைக் காட்டத் தயங்கும் இடத்தில் மோட்டாரை விடாதீர்கள்.

21 ஏப்ரல் 2025

ஸ்டோர். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை நினைவில் வையுங்கள். மாற்று மோட்டார்களைத் தரையில் வைக்காமல் ரப்பர் விரித்த பலகைமேல் வையுங்கள், கம்ப்ரஸருக்குத் தூரமாக. உள்ளே ஈரம் படியாமல் காக்கும் ஹீட்டர் உள்ளவற்றுக்கு அதன் இணைப்பைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை ஷாஃப்ட்டைச் சில சுற்றுச் சுற்றி, முன்பு நின்ற இடத்திலிருந்து கால் சுற்றுத் தள்ளி நிறுத்துங்கள். ஷாஃப்ட் முனையில் ஒரு பெயின்ட் புள்ளி வைத்தால் நடந்ததா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர். 400 வோல்ட் மோட்டாருக்கு 5 மெகா ஓமுக்குக் கீழே என்றால் காயவைக்காமல் ஓட்டவே கூடாது. அந்த எண்ணைவிட, ஒவ்வொரு முறையும் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நான் அதிகம் நம்புகிறேன். 800லிருந்து 200க்கு வந்தது, இன்னும் 5க்கு மேலேதானே என்று விடாதீர்கள்.

14 ஜூன் 2025

தம்பி எழுதியிருக்கிறார்: ஒரே மின்பலகையிலிருந்து ஓடும் மூன்று மோட்டார்கள் இரண்டு ஆண்டுகளில் ஐந்து தடவை எரிந்திருக்கின்றன. பட்டியல் போட்டபோதுதான் அது கண்ணில் பட்டதாம். பட்டியல் இல்லாதபோது அவை ஐந்து தனித்தனித் துக்கங்கள்.

மூன்று ஃபேஸுக்கு இடையிலும் வோல்ட்டேஜை அளக்கச் சொன்னேன். 404, 398, 389. சராசரி 397. அதிலிருந்து மிக விலகி நிற்பது 389, விலகல் 8. எட்டை 397ஆல் வகுத்தால் 2 விழுக்காடு. சிறிய எண்ணாகத் தெரியும். வோல்ட்டேஜில் 1 விழுக்காடு சமமின்மை மின்னோட்டத்தில் 6 முதல் 10 விழுக்காடு சமமின்மையாக வெளிப்படும். ஒரு காயில் மட்டும் வேகும். இன்சுலேஷன் தாங்கும் அளவுக்கு மேல் 10 பாகை கூடினால் ஆயுள் பாதி என்பது நம் தொழிலின் பழைய விதி. 1 விழுக்காட்டுக்கு மேல் போனாலே காரணத்தைத் தேடுங்கள்.

17 ஜூன் 2025

காரணம் கிடைத்துவிட்டது. யாரோ எப்போதோ பெரிய ஹீட்டர்களை எல்லாம் ஒரே ஃபேஸில் மாட்டியிருக்கிறார்கள். கூடவே ஓர் இணைப்பு முனை தளர்ந்து நிறம் மாறியிருந்தது. உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துச் சரிசெய்தாயிற்று. இப்போது 0.6 விழுக்காடு.

காயில் கட்டிய பட்டறைகளை ஐந்து தடவையும் அவர்கள் திட்டியிருக்கிறார்கள். பாவம், இந்த ஐந்தில் அவர்கள்மேல் பிழையே இல்லை.

8 ஆகஸ்ட் 2025

விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவி) மாட்டிய மோட்டார்கள் பற்றிச் சுருக்கமாக. பேரிங் வளையத்தில் துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாகக் கோடு தெரிந்தால், ஷாஃப்ட் வழியே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஷாஃப்ட்டுக்கு எர்த் வளையம், தேவையானால் ஒரு பக்கம் இன்சுலேட்டட் பேரிங்.

26 அக்டோபர் 2025

தீபாவளி முடிந்து வந்து படித்தால், ஜனவரியில் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள்: “மென்பொருள் இப்போதும் வேண்டாமா?”

அன்று சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடம் 300 மோட்டார்களின் விவரமும் பத்து மாத வரலாறும் இருக்கின்றன. விரிதாளில் யாரோ வரிசையை மாற்றி, 14ஆம் மோட்டாரின் மெக்கர் அளவு 15க்குப் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். அந்த நிலை வந்துவிட்டதால் வாங்கலாம். உங்கள் அட்டையில் இருப்பவை அத்தனையும் அதில் ஏறுமா என்று மட்டும் பாருங்கள். ஏறாதென்றால் அட்டையை மாற்றாதீர்கள், வேறு மென்பொருளைப் பாருங்கள்.

பெரியவர் டிசம்பரில் ஊருக்கே போகிறார். சனிக்கிழமைதோறும் அவரோடு முதல் கூடை மோட்டார்களைச் சுற்றி வருகிறேன். அவர் ஸ்க்ரூடிரைவரில் கேட்டதைச் சொல்ல, அதே நேரத்தில் அதிர்வு மீட்டரின் எண்ணையும் பக்கத்தில் எழுதுகிறேன். “மணல்” என்று அவர் சொன்னவை பெரும்பாலும் அதிர்வு நொடிக்கு 2.8 மில்லிமீட்டரைத் தாண்டியவை. இரண்டு மோட்டார்களை மட்டும் மீட்டர் நல்லது என்றது, அவர் இல்லை என்று தலையசைத்தார். அவற்றுக்கு பேரிங் வாங்கி வைத்திருக்கிறேன்.

22 நவம்பர் 2025

அந்த இரண்டில் ஒன்றைக் கழற்றினோம். உள்வளையத்தில் நகக்கண் அளவு உரிந்திருந்தது. மற்றதைப் புத்தாண்டு நிறுத்தத்தில் பார்க்க வேண்டும்.

மார்ச்சில் எழுதிய மூன்றாம் பம்பையும் முடித்தாயிற்று. வெளியேறும் வால்வு பாதி மூடியே ஓடிக்கொண்டிருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். இம்பெல்லரை 320 மில்லிமீட்டரிலிருந்து 304க்குக் கடைந்து, வால்வை முழுக்கத் திறந்துவிட்டோம். கூலிங் டவருக்குப் போகும் நீர் தேவையான அளவு போகிறது. மின்னோட்டம் 42 ஆம்பியரிலிருந்து 37க்கு வந்திருக்கிறது. அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைத் தேதியோடு எழுதிவிட்டேன்.